உங்கள் ஊர் ஏரியை இணைய வரைபடங்களில் படிப்பது எப்படி?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "கலங்கல் போகிறதா?" என்பதுதான்; ஏரி நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் வழியே வழிகிறதா என்று பொருள். அதற்குக் கரையில் போய் நின்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரி எவ்வளவு தூரம் பரவியிருந்தது, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது, கலங்கலைத் தாண்டிய தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்பவற்றுக்கெல்லாம் பாதிப் பதிலை வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். மறுபாதிக்கு நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 39,000 இருப்பதாகக் கணக்கு. இணைய வரைபடங்களைத் திறந்து பார்த்தால் அவற்றில் எத்தனையோ பெயரில்லாத நீலத் திட்டாகவே கிடக்கின்றன. சில அந்த நீலமும் இல்லாமல் வெற்று நிலமாகத் தெரிகின்றன. செல்போன் வரைபடத்தை வழி கேட்க மட்டுமே இதுவரை பயன்படுத்திய ஒருவர், தன் ஊர் ஏரி ஒன்றை முழுமையாகப் படித்து, அதற்குப் பெயரும் எழுதிவைக்கும் அளவுக்கு வர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கணினி இருந்தால் நல்லது. செல்போனில் பாதி வேலைதான் நடக்கும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும்.

இடத்தின் எண்கள்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, ஏரியின் நடுவில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு எண்கள் தோன்றும். செல்போனில் அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. பயிற்சிக்கு ஒரு பெரிய ஏரி வேண்டுமென்றால் 11.34, 79.54 என்று தேடல் கட்டத்தில் இடுங்கள். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியில் போய் நிற்பீர்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி அது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக அதற்கு வருகிறது.

எண்களை நோட்டில் எழுதும்போது தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். ஐந்து எழுதினால் ஒரு மீட்டர். ஏரிக்கு நான்கு போதும், மதகுக்கு ஐந்து வேண்டும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். சென்னையின் 13.08, 80.27 என்ற எண்களை முன்பின்னாகப் போட்டால் நார்வேயின் சுவால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழுவோம். நம் நாட்டில் இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. தமிழ்நாட்டில் அட்சரேகை 8க்கும் 14க்கும் இடையில்தான் இருக்கும். தீர்க்கரேகை 76க்கும் 81க்கும் இடையில்தான் இருக்கும்.

மேலிருந்து ஏரி எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். கருவிகளைப் பழகுவதற்கு முன் ஏரியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஏரிகள் பெரும்பாலும் வட்டக் குளங்கள் அல்ல. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தை மட்டும் மறித்துக் கட்டிய கரைதான் ஏரி. மேலிருந்து பார்த்தால் கரை வில் போல வளைந்து தெரியும். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்வதால் வில்லின் வளைவைப் பெரும்பாலும் கிழக்கிலேயே பார்க்கலாம். வீராணத்தின் கரையும் கிழக்கில்தான், தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது.

கரையின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பசுமை. அந்தப் பசுமைதான் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல்கள். கரையோரமாகப் படத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள்: எந்த இடத்தில் கரையின் வெளிப்புறத்திலிருந்து ஒரு மெல்லிய வாய்க்கால் கிளம்புகிறதோ அங்கே மதகு இருக்கும். கரையின் ஒரு முனையில் வெளிர்நிறத்தில் ஒரு நேர்க்கோடு தெரிந்தால் அது கலங்கலாக இருக்கலாம். தென்மாவட்டங்களில் அதைக் கலுங்கு என்பார்கள். அங்கிருந்து புறப்படும் ஓடையைப் பின்தொடர்ந்து போனால் அடுத்த ஏரியின் திறந்த பக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒன்று நிறைந்து மற்றொன்றை நிறைக்கும் ஏரித்தொடர் இப்படித்தான் கண்முன் விரியும். முதன்முறை இதைப் பார்ப்பவர்கள், பக்கத்து ஊர்க்காரர்களோடு நமக்கு இருக்கும் உறவை அப்போதுதான் புரிந்துகொள்கிறார்கள். நம் ஊர்க் கழிவு அவர்களுடைய குடிநீரில் கலக்கும் வழியும் அதே கோடுதான்.

நோட்டில் ஒரு கைப்படம் வரைந்து கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகளுக்காகத்தான் பின்னால் நடக்கப் போகிறோம்.

பழைய படங்களும் மாதக் கணக்கும்

கூகுள் எர்த் புரோ என்பது கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மேல்பட்டையில் கடிகாரம் போன்ற படத்தை அழுத்தினால் ஒரு காலக்கோடு தோன்றும். அதை இடப்பக்கம் இழுத்தால் அதே இடத்தின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வரும். பல ஊர்களுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்தே தெளிவான படங்கள் இருக்கும்.

நானும் முதலில் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஜனவரிப் படத்தையும், சில ஆண்டுகள் கழித்து வந்த ஒரு மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஏரி பாதியாகிவிட்டது" என்று நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஜனவரி என்றால் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்து கிடக்கும் காலம். மே மாதத்தில் எந்த ஆண்டும் அது சுருங்கித்தான் கிடக்கும். அந்தப் படம் ஊர் முழுவதும் சுற்றி, கரையோரத்தில் முறையாகக் குடியிருந்த ஒரு குடும்பத்தின் மீது பேச்சு திரும்பியது. படத்தின் தேதியைப் பார்க்காமல் யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லாதீர்கள். ஜனவரியை ஜனவரியோடும் மே மாதத்தை மே மாதத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். அந்த ஆண்டு மழை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது; 2017 கோடைப் படத்தை மட்டும் வைத்து எந்த ஏரியைப் பற்றியும் முடிவுக்கு வரக் கூடாது.

அதே மென்பொருளில் அளவுகோல் படத்தை அழுத்தி, பலகோணத்தைத் தேர்ந்தெடுத்து, ஏரியின் விளிம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தால் பரப்பு ஹெக்டேரில் வரும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். அளந்ததைக் கே.எம்.எல். கோப்பாகச் சேமித்துவையுங்கள், பின்னால் வேறு கருவிகளிலும் திறக்கலாம்.

மேகத்தையும் செடியையும் தாண்டி

தெளிவான படங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கும். வாரம்தோறும் ஏரியைப் பார்க்க வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களை நம்பலாம். 2015இல் முதலாவது ஏவப்பட்டது. இரண்டு சேர்ந்து சுற்றும்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன. படங்களைப் பார்க்கும் இலவச இணையத்தளம் கோப்பர்னிகஸ் பிரௌசர். ஊரைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்து, மேக அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இல்லாத படம் கிடைப்பது அரிது. தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும், ஏரியிலும் தண்ணீர் இருக்கும். தொடங்குவதற்கு அதுவே நல்ல காலம்.

இந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்குப் 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏரிக்கு அது தாராளம். ஓர் ஊருணி நான்கைந்து புள்ளிகளாகத் தெரியும். தனி வீடும் வாய்க்காலும் தெளிவாகத் தெரியாது.

இதன் உண்மையான பலம் நிறமாற்றத்தில் இருக்கிறது. இடப்பக்கப் பட்டியலில் 'ஃபால்ஸ் கலர்' (False color), அதாவது பொய் நிறம், என்று ஒரு காட்சி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாக மாற்றிக் காட்டுவது அது. உயிருள்ள செடிகள் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். நீர் அதை விழுங்கிவிடும். அதனால் செடிகள் பளிச்சென்ற சிவப்பாகவும் நீர் கறுப்பாகவும் தெரியும். சாதாரணப் படத்தில் பச்சையாகக் கிடக்கும் ஏரி, தண்ணீரின் நிறமா செடியா என்ற குழப்பம் இங்கே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் நீர் நிற்க வேண்டிய இடம் சிவப்பாக இருந்தால் ஆகாயத்தாமரை மூடியிருக்கலாம். சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்த பிறகும் ஏரிக்குள் சிவப்புத் திட்டு இருந்தால் அது சீமைக் கருவேலமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாறு கோடைகளின் படங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தத் திட்டு வளர்கிறதா, வெட்டப்பட்டதா, வெட்டிய பின் மறுபடி முளைத்ததா என்பதெல்லாம் தெரியும். ஊராட்சிக் கூட்டத்தில் வைக்க இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

வெள்ள நாட்களில் மேகம் விலகாது. அப்போது அதே தளத்தில் சென்டினல்-1 படங்களைத் தேர்ந்தெடுங்கள். அது ரேடார், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும். அசையாத நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும்.

இன்னும் நீண்ட நினைவு வேண்டுமென்றால் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய உலக மேற்பரப்பு நீர் வரைபடம் இருக்கிறது. 1984இலிருந்து எடுக்கப்பட்ட அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எல்லாம் அலசி, எந்த இடத்தில் எவ்வளவு காலம் நீர் நின்றது என்று நிறத்தில் காட்டுகிறது. ஆழ்ந்த நீலம் என்றால் எப்போதும் நீர், வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் எப்போதாவது. இதில் ஒரு புள்ளி 30 மீட்டர், தரையில் 22 சென்ட். சிறு குளங்களை இதில் தேடாதீர்கள்.

சரிவு

வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று அறிய நிலத்தின் சாய்வு தெரிய வேண்டும். ஓப்பன்டோப்போமேப் என்ற தளத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் இருக்கும். கூகுள் எர்த் புரோவில் ஒரு பாதை வரைந்து, அதன் மீது வலப் பொத்தானை அழுத்தினால் உயர வரைபடமும் கிடைக்கும். வேலூர், தர்மபுரி, தேனிப் பக்கம் இவை நன்றாக உதவும். டெல்டாவில் உதவாது. இத்தகைய பல கோடுகளுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடாரால் எடுத்த அளவீடு. அதில் சில மீட்டர் பிழை உண்டு, தென்னந்தோப்பின் உச்சியையும் அது நிலம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். தஞ்சை, நாகைச் சமவெளியில் ஒரு மீட்டர் இறக்கத்துக்கு நீர் பல கிலோமீட்டர் ஓடும்போது அந்தப் பிழை எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். அங்கே வாய்க்காலில் மழைநாளில் போய் நின்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதே சரி.

பழைய தாள்களும் அரசுப் பதிவேடும்

இந்தியாவைக் கோணம் கோணமாக அளந்த பெரும் முக்கோண நில அளவை 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான நேர்க்கோட்டை) அளப்பதில்தான் தொடங்கியது. அதை நடத்திய வில்லியம் லாம்டன், கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தம் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சேதமடைந்தது. அவர் மனம் தளராமல் தாமே அதைச் செப்பனிட்டார். நம் மண்ணில் நடந்த அந்த உழைப்பின் தொடர்ச்சியை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்: இந்திய நில அளவைத் துறையின் இணையத்தளத்தில் பதிவு செய்தால் 1:50,000 அளவுத் தாள்கள் கிடைக்கும். தாளில் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். இந்தத் தாள்களில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் அதையொட்டி சிறிய ஆங்கில ஆர் எழுத்தும் இருந்தால், சுற்றியுள்ள தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள்.

அதற்கும் முந்தைய நிலையைப் பார்க்க, அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிடத் தொடங்கிய 1:2,50,000 அளவு வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர் அளவுக்கு நுணுக்கம் இராது. பெரிய ஏரிகள் தெரியும். சென்னைவாசிகளுக்குப் பழைய வரைபடம் இன்னும் முக்கியம். தியாகராய நகர் 1920களில் தூர்க்கப்பட்ட நெடிய ஏரி ஒன்றின் மீது எழுந்த பகுதி. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. மேற்கு மாம்பலத்திலும் நுங்கம்பாக்கத்திலும் தெருப்பெயர்களில் மட்டும் ஏரி மிச்சமிருக்கிறது.

எல்லை பற்றிய கேள்விக்கு இதுவரை சொன்ன எந்தப் படமும் சட்டப்படியான விடையல்ல. அதற்குத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவைக்குப் போக வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு (கிராம நிலங்களின் பதிவேடு) விவரமும் புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) திரையில் வரும். ஏரி புறம்போக்கு, ஓடை, வாய்க்கால் என்ற வகைப்பாடும் பரப்பும் அதில் இருக்கும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் பாருங்கள். பதிவேட்டின் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். நீங்கள் அளந்த நீர்ப்பரப்பை விட அது கூடுதலாக இருந்தால் உடனே பதற வேண்டாம். கரையும், நிறைந்த நாளில் மட்டும் நனையும் ஓரங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் நில அளவர் வந்து அளப்பதே வழி.

பெயர் எழுதுதல்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நம் ஊர் ஏரியை எழுதிவைக்க இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்குத் தொடங்கி, ஊருக்குப் போய், 'திருத்து' என்பதை அழுத்துங்கள். பின்னணியில் செயற்கைக்கோள் படம் இருக்கும். 'பரப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து விளிம்பைச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடியுங்கள். அன்றைக்குப் படத்தில் தெரியும் நீரின் ஓரத்தை வரையாதீர்கள். ஏரி நிறைந்தால் எதுவரை நிற்குமோ அதுவரை வரையுங்கள். தை மாதத்துச் சென்டினல் படம் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். கோடையில் வற்றும் ஏரி என்றால் பருவத்துக்கு மட்டும் நீர் இருக்கும் என்ற குறிப்பையும் சேர்க்கலாம். மதகு, கலங்கல் இரண்டுக்கும் தனித்தனியே புள்ளியோ கோடோ போடலாம்.

பெயர்க் கட்டத்துக்கு அருகில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஊரார் சொல்லும் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பெரிய ஏரி, சித்தேரி, தாமரைக் கண்மாய், அய்யனார் குளம் என்று அவர்கள் வாயில் வருவதுதான் பெயர். இரண்டு பெயர் வழங்கினால் மற்றதை மாற்றுப் பெயராகச் சேர்க்க இடம் உண்டு.

மூன்று எச்சரிக்கைகள். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரையோ கோட்டையோ நகலெடுக்கக் கூடாது. அது உரிமைக் குற்றம், தன்னார்வலர்கள் பின்னர் அழித்தும் விடுவார்கள். பின்னணிப் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம் என்பதால், ஏற்கெனவே வரைந்த சாலையோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். தனியாருடைய பெயரையும் பட்டா விவரத்தையும் வரைபடத்தில் எழுதவே கூடாது. சேமிக்கும்போது என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: "நேரில் பார்த்து ஏரியின் பெயரும் கலங்கலும் சேர்க்கப்பட்டன" என்றால் போதும்.

கரையில் நடக்கும்போது

நேரில் பார்த்தது என்று எழுத நேரில் போக வேண்டும் அல்லவா. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் தமிழ்நாட்டை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத கரையிலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். நோட்டில் உள்ள கைப்படத்தை எடுத்துக்கொண்டு, கேள்விக்குறி போட்ட இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போங்கள். காலையில் போங்கள், ஆடு மேய்ப்பவர்கள் இருப்பார்கள். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் செயற்கைக்கோளுக்குத் தெரியாத வாய்க்காலை அவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். மடை திறப்பவர் ஊரில் இன்னும் இருந்தால் அவரோடு கரை முழுவதும் ஒருமுறை நடங்கள். ஒவ்வொரு மதகுக்கும் அவர் ஒரு பெயர் சொல்வார். அதைச் சொன்னபடியே எழுதி, அந்த இடத்தின் எண்களையும் ஐந்து இலக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் அன்றைக்கே வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் மாற்றம் தெரியும். செல்போன் செயலிகளுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அது வந்த நாளில், மதகின் பெயரைச் சொன்னவரிடம் போய்த் திரையைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.